கண்டிக்குப் போன தகர டிக்கெட்

"என்ன ரேட்டுங்க போகும்?"

போட்டோவைப் பார்த்தவங்க முக்காவாசிப் பேரு மொதல்ல கேட்டது இதைத்தான். இது என்ன பொருள்னு கேட்டவங்க கம்மி. எந்த எடத்துல, எதுக்குள்ள கெடைச்சுதுன்னு கேட்டவங்க அதைவிடக் கம்மி. பழைய காசு வாங்கி விக்கிற ஒருத்தர், "நாளைக்கே ஆள் அனுப்பறேன், வேற யாருக்கும் காட்டிராதீங்க"ன்னு வேற சொன்னாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுங்க. அந்தச் சூட்டோடதான் எழுதறேன். நீளமாத்தான் போகும். டீயைக் கையில வெச்சுக்கிட்டுப் படிங்க.

காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற பக்கம் எங்க சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டாங்காடு இருக்குது. அதுல பாதி கொறங்காடு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். காங்கேயம் மாடுன்னு ஊரெல்லாம் பேசறாங்களே, அந்த மாடு மேய்ஞ்சு வளர்றது இப்படிக் காட்டுலதான். காட்டு மூலையில ஒரு பழைய சாளை நின்னுச்சு. ஒரு காலத்துல பண்ணையத்துல இருந்த குடும்பம் குடியிருந்த சாளை. அவங்க திருப்பூருக்குப் போயி ரொம்ப வருசமாச்சு. மழையில ஒரு பக்கச் சுவரு சரிஞ்சதும், மாடு கன்னு மேல விழுந்துரும்னு சித்தப்பா மொத்தமா இடிக்கச் சொல்லிட்டாரு.

இடிச்ச மண்ணை அள்ளும்போது தம்பி சம்சாரத்தோட கம்மல் ஒண்ணு கழண்டு விழுந்துருச்சு. (தங்கம் விக்கிற வெலைக்கு அன்னைக்கு வீட்டுல யாருக்கும் சோறு எறங்கலை.) தம்பியோட சிநேகிதர் ஒருத்தரு, மண்ணுக்குள்ள பொதைஞ்ச இரும்பு பைப்பு, வால்வு தேடறதுக்கு மெட்டல் டிடெக்டர் வெச்சிருக்காரு. அதை வாங்கிட்டு வந்தாங்க.

அந்த மெஷின் எங்க மண்ணுல வாயே மூடாதுங்க. கத்துச்சு, தோண்டுனா லாடம். மறுபடி கத்துச்சு, லாட ஆணி. அப்பறம் சைக்கிள் செயின் துண்டு, சோடா மூடி, ஒடைஞ்ச கொழு நுனி. மாட்டையும் வண்டியையும் நம்பிப் பொழைச்ச ஊரு, மண்ணுக்கடியில வேற என்ன இருக்கும்?

பொழுது எறங்கற நேரத்துல கம்மல் கெடைச்சுருச்சு. சிவன்மலைக்கு வேண்டிக்கிட்டது பலிச்சுதுன்னு அந்தப் புள்ளைக்கு அப்படியொரு சந்தோசம். மெஷினை நிறுத்தலாம்னு கையை வெக்கறப்ப, சுவரு நின்ன அடியோரத்துல இன்னொரு தரம் சத்தம். தம்பி கையாலயே மண்ணைப் பறிச்சான். சின்னதா ஒரு மண்கலயம். வாயை ஒரு ஓட்டாஞ்சில்லு வெச்சு மூடியிருந்துச்சு. உள்ள கொஞ்சம் ஓட்டைக் காலணா, ஒடைஞ்ச கண்ணாடி வளையல் ஒண்ணு, கூடவே ஒரு தகர வில்லை.

ரேட்டு கேட்ட பொருள் அந்த வில்லைதான்.

கலயத்துக்குள்ள காஞ்சு கெடந்ததால தப்பிச்சிருக்குது. ஓரம் துரு தின்னிருக்கு. நடுவு நல்லாத்தான் இருக்கு. மேல ஒரு ஓட்டை. அந்த ஓட்டையோட மேல்பக்கம் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு இருக்குது. கயிறு கோத்து ரொம்ப நாள் தொங்கினாத்தான் அப்படித் தேயும்.

சித்தி உடனே, "புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு வந்துரும், குடு கண்ணு"ன்னாங்க. நான் குடுக்கலை. (இதை யாரும் செய்யாதீங்க. புளி, எலுமிச்சம்பழம், பாலிஷ் பவுடர், எதுவும் வேண்டாம். துருவோட சேர்ந்து எழுத்தும் போயிரும்.) ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல தாழ்த்திப் பிடிச்சுப் பார்த்தேன். நேரா அடிச்சா ஒண்ணுமே தெரியாத தகரத்துல, சாய்ச்சு அடிச்சதும் நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்குது! மேல ஒத்தை இங்கிலீஷ் எழுத்து. கீழ நம்பர். அதுக்கும் கீழ இன்னொரு நம்பர். கடைசி நம்பர் மட்டும் வரிசையில நிக்காம கோணலா விழுந்திருக்குது. அதைக் கையால ஒவ்வொண்ணா அடிச்சிருக்காங்க.

ராசா தலை இல்ல. வெலை இல்ல. ஊர்ப் பேரு இல்ல, கம்பெனிப் பேரும் இல்ல.

ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ரிட்டயர்டு ஆன மில் தொழிலாளி ஒருத்தர் மில் டோக்கன்னாரு. சொன்னதுல நியாயம் இருக்குது. 1888-ல ஸ்டேன்ஸ் மில்லு வந்த நாள்ல இருந்து கோயமுத்தூர்ல பேரைவிட டோக்கன் நம்பருக்குத்தான மதிப்பு? ஆனா மில்லு டோக்கன்ல பெரும்பாலும் மில்லோட பேரு இருக்கும், பித்தளையிலயும் இருக்கும். ரயில்வே போர்ட்டர் வில்லைன்னா இதைவிடப் பெருசு, கனம். மாட்டு வண்டி லைசென்ஸ் தகடுன்னா ஆணி அடிக்கற ஓட்டை வேணும். எங்க மச்சான் ஒருத்தர் மெட்ராஸ் டிராம் டோக்கன்னாரு. அங்க 1895-ல இருந்து 1953 வரைக்கும் எலக்ட்ரிக் டிராம் ஓடுச்சு, வாஸ்தவம். ஆனா பண்ணையத்து ஆளோட கலயத்துக்கு மெட்ராஸ் டிராம் எங்கிருந்து வரும்? வந்தாலும் அதைக் கழுத்துல மாட்டித் தேய விடுவாங்களா?

என்னை விடாம அரிச்சது அந்தத் தேஞ்ச ஓட்டைதானுங்க. சட்டைப் பையில வெச்சுக்கற டோக்கனுக்கு ஓட்டை வேண்டியதில்ல. சட்டையே இல்லாதவங்களுக்குக் குடுத்த டோக்கன் இது.

கடைசியில சொன்னது கோத்தகிரிப் பக்கம் இருக்கற ஒரு அம்மா. என்கூட வேலை பாக்கறவரோட பெரியம்மா. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்பறம் இலங்கை மலையகத்துல இருந்து இங்க அனுப்பின குடும்பம். (அந்த ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கணும்னு ரெண்டு சர்க்காரும் பேசிப் பிரிச்சுக்கிட்டாங்க. அந்தச் சனங்களை ஒரு வார்த்தை கேக்கலை.) அந்த அம்மாவுக்குப் போட்டோ போச்சு. கொஞ்ச நேரத்துல போனே வந்துருச்சு.

"தம்பி, இது டின் டிக்கெட்டு. எங்க தாத்தா கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் வந்தாராம். எங்கம்மா சொல்லியிருக்கு. பத்திரமா வச்சுக்கங்க."

அதுக்கப்பறம் படிக்கப் படிக்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துச்சு. எழுத்து, ரெண்டு நம்பரு, ஓட்டை, எல்லாமே.

கதை இதுதானுங்க. கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலையகத்துக்கு, நம்ம சனங்க போக ஆரம்பிச்சது 19-ம் நூற்றாண்டோட முன்பாதியில. மொதல்ல காப்பித் தோட்டம், காப்பிச் செடிக்கு நோய் வந்து அழிஞ்ச பின்னால தேயிலை. ராமேஸ்வரம் பக்கத்துக் கரையில இருந்து தோணி ஏறி மன்னார்ல எறங்கி, அங்கிருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலேயே செத்தவங்களுக்குச் சரியான கணக்கே கெடையாது. அப்பறம் பிளேக் பயம் வந்துச்சு. கண்ட வழியில ஆள் உள்ள வரக்கூடாதுன்னு தூத்துக்குடி வழியாத் திருப்பி விட்டாங்க. தட்டப்பாறையில கேம்ப் போட்டாங்க.

20-ம் நூற்றாண்டு பொறந்த சமயத்துல வந்ததுதான் இந்த டின் டிக்கெட் ஏற்பாடு. தோட்டத்துத் தொரை, சர்க்கார்கிட்ட இருந்து தகர வில்லைகளை வாங்கி, ஆள் பிடிக்க ஊருக்கு வர்ற கங்காணிகிட்டக் குடுத்து விடுவாரு. மேல இருக்கற எழுத்து எந்தத் தோட்ட ஜில்லான்னு சொல்லும். ஒரு நம்பர் எந்தத் தோட்டம்னு சொல்லும். இன்னொரு நம்பர் ஆளுக்கு. கங்காணி ஊர்ல ஆள் சேர்த்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு வில்லையைக் குடுப்பாரு. அதைக் காட்டுனா ரயில்ல ஏத்துவாங்க, கேம்ப்ல சோறு போடுவாங்க, கப்பல்ல ஏத்துவாங்க, அக்கரையில மறுபடி ரயில். கையில ஒத்தைக் காசு இல்லாம காங்கேயத்து மண்ணுல இருந்து நுவரெலியா வரைக்கும் போயிரலாம். பேரைக் கூடச் சொல்ல வேண்டியதில்ல. எழுதப் படிக்கத் தெரியாதவங்களை வழி தப்பாம ஒரு குறிப்பிட்ட தோட்டத்து வாசல்ல கொண்டு போய் நிறுத்த ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் போதுமா இருந்துச்சு.

1904-ல திருச்சியைத் தலைமையிடமா வெச்சு சிலோன் லேபர் கமிஷன் வந்துச்சு. ஆள் சேர்க்கறதுக்குன்னே தோட்ட முதலாளிங்க நடத்தினது. நம்ம ஜில்லாக்கள்ல அங்கங்க ஏஜென்சி போட்டாங்க. திருச்சி, சேலம் பக்கத்துல இருந்து போன அளவுக்கு எங்க கோயமுத்தூர்ப் பக்கத்துல இருந்து போகலை. ஆனாலும் போனாங்க. தாது வருசப் பஞ்சத்துல (1876-78) அடி வாங்கின சீமைதான இதுவும். 1914-ல பாம்பன் பாலம் தெறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்டதும் வழி மாறுச்சு. தட்டப்பாறை போயி மண்டபம் கேம்ப் வந்துச்சு. அங்க தங்க வெச்சு, மருந்துத் தண்ணியில குளிக்க வெச்சு, அம்மை குத்தி, அப்பறம்தான் கப்பல். அந்த ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னைக்கும் மண்டபம் கேம்ப்னுதான் பேரு. அதே எடத்துலதான் பின்னால இலங்கை அகதிகளையும் தங்க வெச்சாங்க.

இதை ஓசிப் பயணம்னு நெனச்சுராதீங்க. என் மனசு ஆறாதது இங்கதான்.

நியூயார்க் பாதாள ரயிலுக்கு 1953-ல இருந்து 2003 வரைக்கும் உலோக டோக்கன் ஓடுச்சு. சென்னை மெட்ரோவுல 2015-ல வண்டி விட்டப்ப பிளாஸ்டிக் டோக்கன் குடுத்தாங்க. ரெண்டுலயும் பயணம் போறவங்க காசு குடுத்து டோக்கனை வாங்கினாங்க. எந்த ஸ்டேஷன்ல எறங்கறதுன்னு முடிவு பண்றதும் அவங்கதான். தகர டிக்கெட் அப்படியில்ல. தோட்டம் முன்கூட்டிக் குடுத்த அச்சாரத்துல ஆள் போறாரு. ரயில் செலவு, கப்பல் செலவு, கேம்ப் சோத்துச் செலவு, எல்லாத்துக்கும் பில்லு தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைக் கங்காணி பேர்லயும் ஆள் பேர்லயும் கடனா எழுதிக்கும். முதல் கொழுந்தைக் கிள்ளறதுக்கு முன்னாலயே அந்த மனுசர் கடன்காரரு. அந்தக் கடனைத் தீர்க்காம வேற தோட்டத்துக்குப் போக முடியாது. போகணும்னா 'துண்டு' வேணும். இன்ன தொகையைக் கட்டுனா இந்த ஆளை விடறோம்னு தொரை எழுதிக் குடுக்கற சீட்டு அது. புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கும், கடன் மட்டும் கூடவே போகும். 1921-ல தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழிச்சாங்க. 1923-க்கு அப்பறம்தான் ஆள் சேர்க்கற செலவைப் பொது நிதியில இருந்து எடுத்தாங்க, அது தொழிலாளி தலையில விழறது நின்னுச்சு.

மாட்டுச் சந்தையில கழுத்துக் கயித்தைக் கை மாத்தி விடற மாதிரி. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க.

சரி, கலயத்துக்கு வர்றேன். அதுல இருந்த ஓட்டைக் காலணாவை மட்டும் யாரும் ரேட்டு கேக்கலை. (அது கிலோக் கணக்குல கெடைக்குது, அதனால.) ஆனா வயசு சொன்னது அந்தக் காலணாதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல செம்பு பத்தாம நடுவுல ஓட்டை விட்டு அடிச்ச காசு அது, 1943-ல இருந்து 1947 வரைக்கும். அப்படின்னா கலயத்தைப் பொதைச்சது 1943-க்கு முன்னால இருக்க முடியாது. 1939 ஆகஸ்டுலயே இந்திய சர்க்கார், கூலி வேலைக்கு இலங்கை போறதைத் தடை பண்ணிருச்சு. ஆக, இந்த வில்லை அதோட வேலையை முடிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் கலயத்துக்குள்ள போயிருக்குது. ஒருத்தர் கண்டிக்குப் போயி, உசுரோட திரும்பி வந்து, ஒண்ணுக்கும் ஒதவாத தகரத்தைக் காசோடயும் வளையலோடயும் சேர்த்துப் பத்திரமா வெச்சிருக்காரு. காலணாவைத் தனியா, வில்லையைத் தனியா வித்திருந்தா இந்தச் சேதி செத்துப் போயிருக்கும்.

இதனாலதான் சொல்றேன், மண்ணுல இருந்து எடுத்த பொருளுக்கு அது கெடந்த எடமும், கூடக் கெடந்ததும்தான் பாதி உசுரு. சென்னிமலைக்கு அந்தப்பக்கம் கொடுமணல்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல இருந்து தோண்டுச்சு. பேராசிரியர் கா. ராஜன் மாதிரி ஆளுங்க ஒவ்வொரு அடுக்கா, பிரஷ்ஷை வெச்சு மண்ணைத் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. பானை ஓட்டுல கீறின பேரு, கல்மணி செஞ்ச பட்டறை, இரும்பு உருக்கின உலை, எல்லாம் அப்படித்தான் வெளிய வந்துச்சு. எங்க படியூர்ல 1819-20-ல ஒரு வெள்ளைக்காரர் பச்சைக்கல் எடுத்த சுரங்கம் இருந்துச்சு. வெள்ளலூர்ல 1842-லயே ரோமாபுரி வெள்ளிக்காசுப் புதையல் கெடைச்சுது. இத்தனையும் இருக்கற சீமையில இப்ப டிடெக்டரைத் தூக்கிட்டு "புதையல் வேட்டை"ன்னு வீடியோ எடுக்கறவங்களைப் பாக்கறப்ப வயிறு எரியுதுங்க. பழைய ஈமக்குழியை நோண்டி, ரெண்டு காசுக்காக 2000 வருசத்தைக் கலைச்சுப் போடறாங்க.

சட்டமும் இருக்குது, தெரிஞ்சுக்கங்க. 1878-ம் வருசத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள கெடைச்ச பொருள் 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். 1972 தொல்பொருள் சட்டத்துல 100 வருசம்னு ஒரு கோடு போட்டிருக்காங்க, அதைத் தாண்டின பொருளை இஷ்டத்துக்கு விக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. நாங்க கலயம், காலணா, வளையல், வில்லை எல்லாத்தையும் போட்டோ எடுத்து, எடத்தைக் குறிச்சு, மனு எழுதிக் குடுத்துட்டோம். அந்த வியாபாரிக்கும் இதையே சொன்னேன். அதுக்கப்பறம் அவரு போனே பண்ணலை.

மனுவுல ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் ஒத்தைக் கால்ல நின்னேன். "இந்தப் பொருள்கள் இந்தச் சாளையில் குடியிருந்த குடும்பத்தாருடையவை." சித்தப்பா மொதல்ல தயங்குனாரு. "காடு நம்முளுதுதானப்பா?"ன்னாரு. காடு நம்முளுது சித்தப்பா, கழுத்து நம்முளுது இல்லியேன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு. அவர் மேல எனக்கு மரியாதை கூடுன நாள் அது.

அந்தக் குடும்பத்துப் பேரனைத் தேடிப் பிடிச்சோம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். சாளை இருந்த எடத்துல வந்து நின்னு பாத்தாரு. அவங்க பாட்டனார் கண்டிக்குப் போயிட்டு வந்தவர்னு வீட்டுல பேச்சு உண்டாம். எந்தத் தோட்டம், எந்த வருசம், கூட யார் யாரு போனாங்க, திரும்பாதவங்க யாரு, ஒண்ணுமே தெரியாது. "அவரு அதைப் பத்திப் பேசவே மாட்டாருன்னு எங்கப்பன் சொல்லும்ங்க"ன்னாரு. வில்லையைக் கையில வாங்கி, கோணலா விழுந்த அந்த நம்பரைக் கட்டை விரலால தடவிப் பாத்தாரு. ரேட்டு கேக்கலை.

(எழுத்தையும் நம்பரையும் இங்க போடலை. அது அவங்க வீட்டுச் சமாச்சாரம். அவங்க சொன்னா போடறேன்.)

தோட்ட நம்பரை வெச்சு அது எந்தத் தோட்டம்னு தேடற வேலை இன்னும் நடந்துட்டு இருக்குது. பழைய இலங்கைத் தோட்டப் பட்டியல் யாராச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க, நான் நேர்ல வந்து பாத்துக்கறேன். இலங்கைக் காசு சேகரிக்கிறவங்க டின் டிக்கெட்டை அபூர்வம்னுதான் சொல்றாங்க. தகரம் துருப்பிடிச்சுப் போயிரும், வேலை முடிஞ்சா தூக்கிப் போட்டுருவாங்க, மிஞ்சுனது கொஞ்சம்தான்.

உங்ககிட்ட நான் கேக்கறது இவ்வளவுதான். உங்க வீட்டுல, பக்கத்துல, காட்டுல வேலை செஞ்ச குடும்பங்கள்ல, கண்டிக்குப் போயிட்டு வந்தவங்க பேச்சு இருந்தா, வயசானவங்க இருக்கும்போதே கேளுங்க. தோட்டத்துப் பேரு, கங்காணி பேரு, எந்த வழியாப் போனாங்க, என்ன ஞாபகம் இருக்குதோ அதை அவங்க சொல்றபடியே எழுதி வைங்க. பழைய டப்பாவுல, டிரங்குப் பெட்டியில ஓட்டை போட்ட தகர வில்லை கெடந்தா தேய்க்காதீங்க, எடைக்குப் போடாதீங்க. ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, லைட்டைப் பக்கவாட்டுல பிடிச்சு. எங்க கெடைச்சுது, கூட என்ன கெடந்துச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதி அதோடயே வைங்க. என்னன்னு தெரியலைன்னா எனக்கு அனுப்புங்க, கோத்தகிரி அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன். ரேட்டு மட்டும் கேக்காதீங்க.